எலும்பு கூடிய பிறகும் நொண்டும் நாய்: கொங்கு வீடுகளில் செல்லப் பிராணிகளுக்கான பிசியோதெரபி

பைக் மோதித் தொடை எலும்பு முறிந்த நாய்க்குத் தகடு வைத்துத் தைத்து, எக்ஸ்ரேயில் எலும்பு நேராக நிற்பதைக் காட்டி மருத்துவர் அனுப்பிவைத்ததும், கோவையிலும் ஈரோட்டிலும் பெரும்பாலான வீடுகளில் வைத்தியம் முடிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அவர் கடைசியாகச் சொன்ன "ஓய்வு கொடுங்கள்" என்ற சொல், தோட்டத்துச் சாளையில் சங்கிலியாகவும் நகரத்து வீட்டில் கூண்டாகவும் மாறிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எலும்பு கூடியிருக்கும். நாயோ அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேஷன் கெட்டுப்போயிற்று என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இத்தகைய நாய்களில் பலவற்றுக்கு எலும்பில் குறையே இருப்பதில்லை. தசை மெலிந்து, மூட்டு இறுகி, அந்தக் காலை ஊன்றும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். இந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் மறுவாழ்வுச் சிகிச்சை என்றும் பிசியோதெரபி என்றும் பெயர்.

காலை ஊன்றாத நாளிலிருந்தே தொடைத் தசை கரையத் தொடங்குகிறது. உடலை நிமிர்த்தி நிற்கவைக்கும் மெதுவியக்கத் தசையிழைகளே முதலில் மெலிகின்றன. அவை மெலிந்தால் நிற்பது கடினமாகிறது, நிற்காததால் அவை மேலும் மெலிகின்றன. மூட்டின் கதையும் இதையொத்ததுதான். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது ஏற்படும் அழுத்தத்தில் மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. ஆகவே வாரக்கணக்கில் அசையாத மூட்டு உள்ளுக்குள் பட்டினி கிடக்கிறது. வளரும் குட்டிகளில் இதன் விளைவு மிகக் கொடியது. தொடை எலும்பின் கீழ்முனை முறிந்த குட்டிக்குக் காலை நீட்டியபடியே இறுக்கிக் கட்டிவிட்டால், தொடையின் முன்புறத் தசை, ஆறிவரும் எலும்போடும் தழும்புத் திசுவோடும் சில வாரங்களிலேயே ஒட்டிக்கொண்டு, கால் மடங்காத கட்டையாகிவிடும். முற்றிய பிறகு அதைத் திருப்புவது மிகக் கடினம். சில நாய்களுக்குக் காலையே எடுக்க நேரிடுகிறது. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிய துணியால் இறுக்கிச் சுற்றும் கட்டு இன்றும் கிராமங்களில் நாய்களுக்குப் போடப்படுகிறது. அதில் இந்த ஆபத்தோடு, இரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

இவ்வளவையும் கொங்குப் பண்ணையக்காரர் ஒருவரிடம் மாட்டை வைத்துச் சொன்னால், அவருக்கு விளக்கமே தேவைப்படாது. கன்று ஈன்ற பிறகு சுண்ணாம்புச் சத்துக் குறைந்து படுத்துவிட்ட மாட்டுக்குக் கால்சியம் ஏற்றியதோடு யாரும் நின்றுவிடுவதில்லை. சில மணிநேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார்கள், அடியில் வைக்கோலைப் பரப்புவார்கள், கால்களைத் தேய்த்துவிடுவார்கள், சாக்கையும் கயிற்றையும் வயிற்றுக்கடியில் கொடுத்து நாலு பேராகத் தூக்கி நிறுத்திப் பார்ப்பார்கள். பெரிய உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் அதன் எடையே அடித்தசையையும் நரம்பையும் நசுக்கிவிடும் என்பதும், முதல் நாளில் எழவைக்காத மாட்டை மூன்றாம் நாள் எழவைப்பது அரிது என்பதும் கட்டுத்தறி அறிவு. அந்த அறிவு வாசலில் கட்டியிருக்கும் நாயிடம் ஏனோ வந்துசேரவில்லை. இந்தப் பகுதியின் கால்நடை மருத்துவம் மாட்டையும் கோழியையும் சுற்றியே வளர்ந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது சுற்றிலும் இருந்தவை முட்டைக் கோழிப் பண்ணைகளும் கறவை மாடுகளும். பிற்பாடு உடுமலைப்பேட்டையிலும் தலைவாசலிலும் கல்லூரிகள் வந்தன. லாப்ரடாரையும் பக் நாயையும் மடியில் தூக்கிக்கொண்டு வரும் கூட்டம் பெருகியதோ, நகரங்கள் விரிந்த பின்பு நடந்தது.

உலகளவிலும் இத்துறை அப்படியொன்றும் பழையதன்று. மனிதருக்கான பிசியோதெரபியும் பந்தயக் குதிரைகளுக்கான பராமரிப்பும் கலந்து உருவான இது, நாய் பூனைகளுக்கெனத் தனிப் பயிற்சிகளாக வடிவெடுத்தது கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான். அமெரிக்காவில் விலங்கு விளையாட்டு மருத்துவமும் மறுவாழ்வும் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 2010-இல்.

பயிற்சி தொடங்கும் முன் நோய் என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் காணொளி பார்த்துக் கால் நீவிவிடும் பழக்கம் பரவிவருகிறது. பின்னங்கால் தள்ளாடும் நாய்க்கு இடுப்பு மூட்டுத் தேய்வு இருக்கலாம். முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டுகள் வீங்கி நாய் நொண்டும். டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் கண்டு பிழைத்த குட்டிக்கு மாதக்கணக்கில் கால் துடிப்பதும் இழுப்பதும் உண்டு. தடுப்பூசி போடாத நாய் திடீரென்று நடை தள்ளாடி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக்கினால் அது வெறிநாய்க்கடி நோயின் உடல் செயலிழக்கும் வடிவமாகவும் இருக்கக்கூடும். அந்த நிலையில் வாயருகே கை கொண்டுபோகாமல், நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். நாயை ஏற்கெனவே தொட்டுக் கவனித்தவர்கள் தங்களுக்கான தடுப்பூசியைப் பற்றி அன்றே கேட்க வேண்டும்.

இந்த நோய்களுக்கு வேண்டிய சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று எதிராகவே இருக்கின்றன. இடுப்பு மூட்டின் பந்து போன்ற முனையை வெட்டி எடுத்த நாயை அடுத்த சில நாள்களிலேயே காலூன்றி நடக்கவைக்க வேண்டும். படுக்கவைத்தால் அங்கே உருவாக வேண்டிய நார்த்திசு மூட்டு இறுகிவிடும். டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களுக்கு டிஸ்க் பிதுங்கி, அறுவை சிகிச்சை வேண்டாமென்று முடிவானால், குறைந்தது நான்கு வாரக் கூண்டு ஓய்வு கட்டாயம். தொடையைக் கெடுக்கும் ஓய்வு முதுகுக்கு மருந்தாகிறது. முழங்காலில் எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைக்கும் அறுவைக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: ஓட்டமும் தாவலும் படியேற்றமும் ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு அறவே கூடாது, கயிற்றில் பிடித்தபடி மெதுவாக நடத்துவதோ முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். மெதுவாக நடத்துவதுதான் இதில் சூட்சுமம். வேகமாகப் போனால் நாய் நோயுள்ள காலைத் தூக்கிக்கொண்டு தப்பித்துவிடும். நிதானமாக நடத்தினால் நான்கு காலையும் ஒவ்வொன்றாக வைத்தே ஆக வேண்டும்.

முடங்கிய நாயின் எதிர்காலத்தைப் பெருமளவு சொல்லிவிடுவது ஆழ்ந்த வலியுணர்வுச் சோதனை. மருத்துவர் பின்னங்கால் விரலைக் கருவியால் அழுத்தும்போது கால் உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து, "உணர்ச்சி இருக்கிறது" என்று வீட்டார் மகிழ்ந்துவிடுவது வழக்கம். கால் இழுத்துக்கொள்வது தண்டுவடம் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். மூளைக்கும் செய்தி போனால்தான் நாய் தலையைத் திருப்பும், கத்தும், கடிக்க வரும். டிஸ்க் பிதுங்கிய நாய்க்கு அந்த உணர்வு மிஞ்சியிருந்தால், அறுவைக்குப் பின் மீண்டும் நடக்கும் வாய்ப்பு மிக அதிகம். இல்லாவிட்டால் அறுவை செய்தும் ஏறக்குறைய பாதி நாய்களே நடக்கின்றன. லாரியில் அடிபட்டு முதுகெலும்பே முறிந்து விலகி, உணர்வும் போயிருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு பயிற்சியைத் தொடங்குவதுதான் நாய்க்கும் வீட்டாருக்கும் நியாயம்.

தண்ணீர்ச் சிகிச்சை என்றதும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, "வாய்க்காலில் நீந்தவிட்டால் போதாதா?" என்பதே. கீழ்பவானி வாய்க்காலும் காலிங்கராயன் வாய்க்காலும் ஓடும் ஊர்களில் அது இயல்பான கேள்விதான். பதில் சொல்லுமுன் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கும் நாய் தன் எடையில் ஏறக்குறைய 91 விழுக்காட்டைச் சுமக்கிறது. முழங்கால் அளவில் 85. இடுப்பு அளவுக்குத் தண்ணீர் வந்ததும் அது 38 விழுக்காடாக விழுந்துவிடுகிறது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில்தான் பெரிய இறக்கம் இருக்கிறது என்பதால், தண்ணீரின் மட்டத்தை ஒரு சாண் கூட்டிக் குறைப்பதே மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதாகிறது. தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லின் பெருமை இதில்தான் இருக்கிறது: கண்ணாடித் தொட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பான நீர், மருத்துவர் விரும்பும் மட்டம், விரும்பும் வேகம், பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு அடியையும் பார்க்கும் வசதி. எடை குறைந்தாலும் பாதம் தரையில் பட்டுக்கொண்டே இருப்பதால் நாய் நடையைத்தான் பழகுகிறது.

நீச்சலில் தரை இல்லை. பல நாய்கள் முன்னங்கால்களாலேயே துழாவி முன்னேறி, பலவீனமான பின்னங்காலைச் சும்மா மிதக்கவிடும். மூட்டு நன்றாக மடங்குமே தவிர முழுதாக நீளாது. வாய்க்காலின் இழுவையை யாரும் அளந்து கொடுக்க முடியாது. பதற்றத்தில் முதுகை வளைத்துத் துள்ளும் டிஸ்க் நோயாளிக்கு அது கேடாகவே முடியும். தையல் பிரித்துப் புண் முழுதும் ஆறாத உடம்போடு வாய்க்காலில் இறக்கினால் சீழ் பிடிக்கும். சாயக்கழிவு கலந்த நொய்யல் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. படிக்கட்டு இல்லாத கிணறுகளில் நாயைத் தூக்கிப் போடுவதைச் சிகிச்சை என்று எண்ணக்கூடாது. ஆனால் தோட்டத்து மோட்டார்த் தொட்டி வேறு. நாயின் இடுப்பளவுக்கு மட்டும் நீர் நிரப்பி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, மார்புக்கும் வயிற்றுக்கும் கை கொடுத்தபடி சில நிமிடங்கள் நிற்கவும் எடையை இப்பக்கமும் அப்பக்கமும் மாற்றவும் பழக்குவது, மருத்துவர் ஒப்புக்கொண்டால், கண்ணாடித் தொட்டி எட்டாத குடும்பத்துக்கு உதவக்கூடிய ஏற்பாடு. மார்கழிக் குளிர்ந்த நீரில் தசை இறுகும் என்பதால் வெயில் ஏறிய பிறகே செய்ய வேண்டும். கோடையில் இதற்கு நேர்மாறு: கரூர், ஈரோட்டு வெயிலில் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைக் காலை ஏழு மணிக்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கும் இறக்காதிருப்பதே பாதுகாப்பு.

பெரும்பகுதி வேலை நடப்பது வீட்டில்தான். வாரத்துக்கு இரண்டு முறை மையத்துக்குப் போய்வரும் நாய்க்கும் மீதி நேரமெல்லாம் வீட்டாரே சிகிச்சையாளர். மூட்டை அசைத்துவிடும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நாயை நோயுள்ள கால் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூட்டுக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகத் தாங்கி, வலிக்காத எல்லைவரை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். ஒரு மூட்டுக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. நாய் திரும்பிப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ, உடலை விறைத்தாலோ எல்லை வந்துவிட்டது என்று பொருள். அதைத் தாண்டி இழுப்பது தசையைக் கிழிக்கும். இந்த அசைவால் மூட்டு இறுகாமல் இருக்கும், ஆனால் தசை வளராது. தசை வளர நாய் தானே உழைக்க வேண்டும். உட்கார்ந்து எழுவது அதற்கு மிகச் சிறந்த பயிற்சி: சுவரோரமாக நிறுத்தி, கால்களை அகட்டாமல் நேராக உட்காரச் சொல்லி, தின்பண்டத்தை மூக்கின் முன் காட்டி எழுப்ப வேண்டும். உள்ளங்கையால் இடுப்பை மெல்லத் தள்ளி நாய் எதிர்த்து நிற்கும்படி செய்வது, தரையில் குறுக்கே கிடத்திய மூங்கில் குச்சிகளைத் தாண்டி நடக்கவைப்பது, இலேசான ஏற்றத்தில் நடத்துவது எனப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். அடுத்த நாள் காலையில் நொண்டல் கூடியிருந்தால் முந்தைய நாளின் அளவு மிகுதி; பாதியாகக் குறைக்க வேண்டும்.

தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொங்கு நாட்டில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் தரை கிரானைட் அல்லது வழவழப்பான டைல்ஸ். தசை மெலிந்த நாய் அதில் எழ முயன்று கால்கள் இருபக்கமும் விரிந்து விழுவதும், ஒருமுறை விழுந்த பயத்தில் எழவே மறுப்பதும் அன்றாடம் நடப்பவை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார் மிதியடியை நாயின் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை, அங்கிருந்து வாசல்வரை பாதையாகப் போட்டுவிடுவது, பல நாய்களுக்கு விலையுயர்ந்த மாத்திரையைவிடப் பயன்தரும் என்பது என் துணிபு. பவானி ஜமக்காளம் அழகானது, ஆனால் டைல்ஸ் மேல் வழுக்கும். அடியில் ரப்பர் வலை வைத்தால்தான் நிற்கும். விரல்களுக்கிடையே வளரும் முடியை வெட்டுவதும் நகத்தைக் குறைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எழ முடியாத நாயைத் தாங்கிப் பிடிக்க, ஈரோட்டுச் சந்தையில் வாங்கிய பெரிய துண்டு ஒன்றை அடிவயிற்றுக்கடியில் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்தால் போதும். ஆண் நாயாக இருந்தால் சிறுநீர்ப் பாதையை அழுத்தாதபடி துண்டைத் தொடையிடுக்கை ஒட்டிப் பின்தள்ளிப் போட வேண்டும்.

பின்பகுதி முழுதும் செயலிழந்த நாய்க்குப் பயிற்சியைவிட முக்கியமான ஒன்று சிறுநீர். படுத்த இடம் நனைவதைப் பார்த்து அது தானாகப் போகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். நிரம்பி வழிவதும் அப்படித்தான் தோன்றும். நாளுக்கு மூன்று நான்கு முறை சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்திக் காலி செய்வதை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். திருப்பிப் படுக்கவைப்பது நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறையாவது நடக்காவிட்டால் இடுப்பெலும்பு முனையில் படுக்கைப் புண் வந்துவிடும். திருப்பூர் பனியன் கழிவுத் துணியை அடைத்த தடித்த மெத்தை நல்லது. அதன்மேல் விரிக்கும் துணியை நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

லேசர், அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் ஆகிய கருவிகளுக்கு விளம்பரம் அதிகம். வலி குறைக்கவும், நரம்பு தளர்ந்த தசையைச் சுருங்கவைக்கவும் அவை உதவலாம். முடியை மழிக்காமல் அல்ட்ராசவுண்ட் கொடுத்தால் அலை தோலுக்குள்ளேயே போகாது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் காட்டும் இடத்தில் பணம் செலவாகுமே தவிரத் தொடை பருக்காது. ஒத்தடத்துக்கு வீட்டுப் பொருளே போதும்: அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், வீக்கம் வடிந்த பிறகு பயிற்சிக்கு முன் இளஞ்சூடு.

மூட்டுத் தேய்வுள்ள நாயின் எடைதான் எல்லாவற்றுக்கும் மேல் நிற்கும் செய்தி. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை கவனித்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், பாதி நாய்களுக்கு மற்றப் பாதியைவிட 25 விழுக்காடு குறைவான தீனி கொடுக்கப்பட்டது. குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. நிறைய உண்டவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுவாதமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. பருத்த நாய் தன் எடையில் ஆறு ஏழு விழுக்காடு இழந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. 40 கிலோ லாப்ரடாருக்கு அது மூன்று கிலோ கூட இல்லை. மூன்று வேளை பால்சோறும், நடுவில் வருவோர் போவோரெல்லாம் போடும் பிஸ்கட்டும், "பாவம், நடக்க முடியாம கிடக்குது" என்று அம்மாயி கூடுதலாக ஊட்டும் தயிர்ச் சோறும் சேர்ந்த கணக்கை வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் அந்த மூன்று கிலோ குறையும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் வீட்டு அளவுகோல்.

வலி மாத்திரையில் ஓர் எச்சரிக்கை தேவை. மெடிக்கலில் நமக்கு வாங்கும் இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடலாம். டைக்ளோஃபினாக் கால்நடைகளுக்கு 2006 முதல் தடைசெய்யப்பட்டது வேறு காரணத்துக்காக: அது செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில கூடு கட்டுகின்றன என்பதால் கொங்கு நாட்டுக்கு இந்தச் செய்தி தொலைவானதன்று.

பூனைக்கு இதே கொள்கைதான், நடைமுறை வேறு. அது நொண்டிக் காட்டாது. மேசைமேல் தாவுவதை நிறுத்திவிடும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைக்கும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அது பொறுக்காது. கயிற்றில் கட்டிய இறகைத் துரத்தவிட்டும், ஏறும் இடத்துக்குக் கீழே ஒரு பெட்டியைப் படியாக வைத்தும் பயிற்சியை விளையாட்டாக்கிவிட வேண்டும்.

யார் இதைச் செய்யலாம் என்பதில் குழப்பம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி விலங்குகளின் நோயறிந்து மருத்துவம் செய்யும் உரிமை பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கு உரியது. மனிதருக்கான பிசியோதெரபி படித்தவர் தசையியக்கத்தில் தேர்ந்தவராகவே இருந்தாலும், கால்நடை மருத்துவரின் நோயறிதலும் மேற்பார்வையும் இல்லாமல் நாயைத் தொடக்கூடாது. நாயின் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன்னங்கால்களில் நிற்கிறது என்ற ஒரு வேறுபாடே மனித உடலின் கணக்கைப் பல இடங்களில் பொய்யாக்கிவிடும். ஆகவே ஒரு மையத்துக்குப் போகுமுன் அங்கே கால்நடை மருத்துவர் இருக்கிறாரா, முதல் நாளில் மூட்டின் கோணத்தையும் தொடைச் சுற்றளவையும் அளந்து எழுதுகிறாரா என்று கேட்க வேண்டும். அளவு எழுதாத இடத்தில் முன்னேற்றத்தையும் சொல்ல முடியாது. வீட்டிலும் தையல்காரரின் நாடாவால் இரு தொடைகளையும் ஒரே உயரத்தில், நாயை ஒரே நிலையில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து குறிக்கலாம். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் நாய் நடப்பதைக் கைபேசியில் ஒரு நிமிடம் எடுத்து வைக்கலாம். மருத்துவமனைத் தரையில் பயந்து நடுங்கும் நாய் நொண்டலை மறைத்துவிடும் என்பதால், அந்த ஒரு நிமிடக் காணொளி மருத்துவருக்குப் பல நேரம் நாயைவிடத் தெளிவாகப் பேசும். நான்கு வாரமாகியும் நாடாவின் எண் நகரவில்லையென்றால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.